கங்காணியம்மா பிடி

எட்டு வருஷம் நான் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளாமலே கூலி வாங்கினவள். போடிமெட்டுக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கங்காணி. நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்குகிறவர். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நிறுவைக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி, கங்காணி பெண்டாட்டியின் கூடையில் போடவேண்டும். 'கங்காணியம்மா பிடி' என்று அதற்குப் பெயர். நான் மர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிறை என் பேரில் விழும். என் காதில் தொங்கிய தண்டட்டி அப்படி வந்ததுதான். கூச்சமா? சத்தியமாக இல்லை.

மலையேறி வந்த ஓர் உபதேசியாரின் பேச்சைக் கேட்டு நாங்கள் இருவரும் ஞானஸ்நானம் வாங்கினோம். எனக்கு அது ஒரு புது வெள்ளைச் சேலையோடு முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. வேதபுத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்துவிட்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார். கிறிஸ்தவச்சி சொல்லக்கூடாத உவமைதான், ஆனால் அப்படித்தான் இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் அவர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு பெண்கள் முன்னால் நின்றார். இனிமேல் பிடி கிடையாது, இதுவரை வாங்கினது திருட்டு என்றார். அதோடு விட்டாரா? மத்தியானம் பெண்கள் கஞ்சி குடிக்கப் போனதும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தானே கொழுந்து கிள்ள இறங்கினார். கிள்ளினதை நிறுவைக்கு முன் ஒவ்வொருத்தி கூடையிலும் ஒரு பிடியாகப் போட்டார். மறுநாளும் அதேதான்.

கொழுந்து கிள்ளுவது பெண்கள் வேலை. ஆண்கள் செடி வெட்டுவார்கள், குழி எடுப்பார்கள். கூடை மாட்டின ஆம்பளையை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை, அதிலும் கங்காணி. மானம் கப்பலேறிவிட்டது. கட்டிக்கொள்ளச் சேலை ஒன்று அனுப்பட்டுமா என்று மற்றக் கங்காணிகள் கேட்டார்களாம். கணக்கப்பிள்ளை வீட்டுக்கே வந்து என்னை எச்சரித்தார். சனிக்கிழமைக்குள் இந்தக் கூத்தை நிறுத்தாவிட்டால் கங்காணி வேலையும் இருக்காது, இந்த வீடும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஊரில் இல்லாத சாமியா உங்கள் சாமி என்றேன். இனிமேல் வாங்காமல் இருந்தால் போதாதா, வாங்கினதைத் திருப்பியும் கொடுக்கவேண்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவேயில்லை.

"ஏ புள்ள, கும்புட மட்டும் அவரு கேக்கலையே. என்னய முழுசாக் கேட்டாரு, குடுத்துட்டேன். இப்பக் கைய மட்டும் திருப்பித் தாங்கன்னு எப்படிக் கேப்பேன்?"

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆத்தா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மலையிறங்கும் பொதிமாட்டுப் பாதை அந்தத் தேயிலைக் காட்டை ஒட்டித்தான் போகும். மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாகத்தான் நடந்தேன். ஆனாலும் கால் நின்றுவிட்டது.

பெண்கள் யாரும் கஞ்சிக்குப் போயிருக்கவில்லை. நாற்பது பேரும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்று கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் ஓயாத வாய்கள், ஒரு சத்தமில்லை. அவர் கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த, நனைந்துபோய், தப்பும் தவறுமாகக் கிள்ளினார். பக்கத்தில் நின்ற கைப்பிள்ளைக்காரி, கூடப்பிறந்தவனிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்: "முத்தின எலைய விட்ருங்கய்யா. ரெண்டு எலை, ஒரு கொழுந்து." அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் ஒரு பிடியை ஏந்தி அவள் கூடையில் வைத்தார்.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெபம் பண்ணும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. இந்த மனிதரோடா இத்தனை வருஷம் சோறு தின்றேன் என்று பயமாக இருந்தது. அந்தச் செடிகளுக்கு நடுவே அவரோடு இன்னொருவரும் நிற்கிறார் என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கங்காணி வேலை போகத்தான் போயிற்று. வீடும் போய், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒற்றை அறைக்கு வந்தோம். அதெல்லாம் அடுத்த வாரம். அன்றைக்கு நான் பெட்டியை இறக்கினேன். என் கூடை அவர் முதுகில் இருந்ததால், பெட்டியிலிருந்த வெள்ளைச் சேலையை எடுத்து இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு கிள்ளினேன். கை பழகாததால் ஒரு பிடி சேரவே நேரமானது. அதை எடுத்துக்கொண்டு அந்தக் கைப்பிள்ளைக்காரியிடம் போய்க் கையை நீட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். கையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அவசர அவசரமாகத் தன் கூடையிலிருந்து ஒரு பிடியை அள்ளி என் மடியில் போட்டாள்.