இரண்டாம் தண்ணீர்

எங்கள் அக்காளின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களையும் லயத்து மக்களையும் வணங்குகிறேன். பந்தியில் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எனக்கும் எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான்.

அக்காள் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் ஒரு கரிசல் ஊரில். மழை பொய்த்த வருடம் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போடி வழியாக மலையேறிப் பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்போது அக்காளுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஐந்து. அன்றிலிருந்து எங்களுக்கு ஆக்கிப் போட்டவர் அக்காள்தான்.

பகலெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த சரிவைக் கொத்துவார். அவரையும் பூசணியும் கீரையும் போட்டார். நாலைந்து கோழி வளர்த்தார். அரிசி போடியிலிருந்து பொதிமாட்டில் ஏறி வர வேண்டும். மழையில் பாதை சரிந்துவிட்டால் லயமே பட்டினி. அதற்காகவே மரவள்ளி நட்டார். முதலில் நட்ட நல்ல கிழங்கைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. பிறகு பன்றி தொடாத கசப்பு மரவள்ளியின் குச்சிகளை வாங்கி வந்து நட்டார். அதை நறுக்கி ஒரு கொதி வந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றித்தான் வேகவைக்க வேண்டும். வடித்த தண்ணீரைக் குடித்த கோழி ஒன்று எங்கள் கண் முன்னால் சுருண்டு விழுந்தது. அன்றே அக்காள் ஒரு குழி தோண்டினார். வடித்த தண்ணீரை அதில் ஊற்றி, கல்லை வைத்து மூடிவிடுவார்.

அந்த வருட ஆடியில் பாதை சரிந்தது. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அக்காள் கிழங்கை உரித்து நறுக்கிச் சட்டியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

"ஏட்டி, மொதத் தண்ணிய வடிச்சு குழியில ஊத்திரு. பெறவு ரெண்டாந் தண்ணி வச்சு நல்லா வேக வையி. மறந்துராத என்ன?" என்றார்.

நான் மறக்கவில்லை. விறகு ஈரம், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. இரண்டாம் தண்ணீருக்குக் கொட்டும் மழையில் அட்டைக்கடியோடு ஓடைக்குப் போக வேண்டும். தம்பி பசியில் என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். வடிக்காமல் அப்படியே வேகவைத்து, கசப்புத் தெரியாமலிருக்க உப்பும் மிளகாயும் கூடப் போட்டு அவனுக்குக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் மகன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "எழுதுய்யா" என்றேன்.

தம்பி வயிறு நிறையத் தின்றான். நான் இரண்டு துண்டு தின்று வாந்தி எடுத்தேன். அவனுக்கும் வாந்தி வந்தது. பிறகு தலை நிற்கவில்லை, மூச்சு இழுத்தது. சாயங்காலம் கூடையோடு வந்த அக்காள் அவனை மடியில் போட்டுக்கொண்டார். விளக்கு வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அப்பாவும் கங்காணியும் வந்தார்கள். யார் சமைத்தது என்று அப்பா கேட்டார். அக்காள் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாந்தான் காலையில வேக வச்சிட்டுப் போனேன். வடிக்க மறந்துட்டேன்" என்றார்.

மறுநாள் ஓடைக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாயத் தொறந்தா அப்பா ஒன்ன உசுரோட விடமாட்டாரு. ஒரு புள்ள போனது போதும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா காலமான பிறகும் திறக்கவில்லை என்பதுதான் என் குற்றம்.

கங்காணி மரவள்ளியை முழுக்கப் பிடுங்கிப்போட வைத்தார். அக்காளுக்குப் பேசியிருந்த அத்தை மகன் சம்பந்தம் முறிந்தது. "பச்சப்புள்ளயக் கொன்ன கையி. அந்தக் கையால எம்மவன் சோறு திங்கணுமா?" என்று அத்தை கேட்டார். பிறகு அதே அத்தை மகனுக்கு என்னைக் கட்டிவைத்துச் சின்னக்கானலுக்கு அனுப்பினார்கள். அக்காள்தான் எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டார். என் கணவர் எதுவும் அறியாமலே கண்ணை மூடினார்.

அக்காள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தச் சரிவை மட்டும் விடவில்லை. அவரைக்காயும் பூசணியும் பச்சையாகக் கொடுத்தால் எல்லோரும் வாங்கிக்கொள்வீர்கள்; ஆக்கிக் கொடுத்ததை நாய்க்குப் போட்டீர்கள். என் பிள்ளைகளின் காதுகுத்துக்கு மூட்டை நிறையக் காய் கொண்டுவந்துவிட்டு, அடுப்பங்கரைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "உள்ள வாக்கா" என்று நான் கூப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அக்காள் படுத்துவிட்டபோது மழையில் டோலி கட்டி என் வீடு வரை தூக்கிவந்த லயத்துப் பிள்ளைகளுக்கு என் நன்றி. அக்காள் கையால் இத்தனை வருடமும் கஞ்சி வாங்கிக் குடித்த பக்கத்து வீட்டு மதினிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கடைசி வாரத்தில் அக்காள் மரவள்ளி கேட்டார். தம்பி போன நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. மகன் வாங்கி வந்தது கசப்பில்லாத நல்ல கிழங்குதான். இருந்தும் இரண்டு தண்ணீர் வடித்து, மசித்து ஊட்டினேன். வடித்தாயா என்று அக்காள் கேட்கவே இல்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

இன்று இலையில் விழும் பூசணியும் அவரையும் அக்காள் எடுத்துவைத்த விதையில் காய்த்தவை. சமைத்தது முழுக்க நான், என் கையால். இனி உட்காருகிறவர்கள் உட்காரலாம்.