சந்திரகலாவுக்குப் பிடித்த குழம்பு

அருணாதேவி என்ன வேலை செய்கிறாள் என்று பே கோபுரத் தெருவில் யாரைக் கேட்டாலும், “வேலையா? வீட்ல சும்மாதான் இருக்குது” என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சும்மா இருக்கிறதே, அது விடிவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஒரு கணக்கும் கிடையாது. வரும்போது குடத்தோடு ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவக்கூட வழியிருக்காது. அப்புறம் வாசல் தெளித்துக் கோலம், பால், இட்லி, குழந்தைக்குத் தலை பின்னல், அவலூர்பேட்டை ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் கணவன் முருகவேலுக்குச் சாப்பாட்டுக் கேரியர். துணி துவைத்துக் காயப்போட்டு நிமிர்ந்தால் மாவாட்ட வேண்டும். பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலம் வந்த சொந்தக்காரர்கள் புண்ணியத்தை மலையில் சேர்த்துக்கொண்டு பசியை இவள் வீட்டில் இறக்கி வைப்பார்கள். கார்த்திகை தீபத்தன்று வீட்டுக் கூட்டமெல்லாம் மொட்டை மாடியில் கைகூப்பி நிற்கும்போது இவள் கீழே அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பாள். சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும் சும்மா இருப்பது என்றால் என்னவென்று.

ஆனால் இவ்வளவையும் அவள் தனியாகச் செய்தாள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் எப்போதும் சந்திரகலா நின்றாள். சந்திரகலா முருகவேலின் முதல் மனைவி. மஞ்சள் காமாலை கண்டு செத்துப்போனவள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து அருணாதேவி வாழ வந்தது 1989இல். சந்திரகலா செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை. இரண்டு வயதுப் பெண் சிந்துஜா மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சமையலறைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, கதவு நிலையில் ஐந்து விரலும் பதிந்த மஞ்சள் கறை கண்ணில் பட்டது. மஞ்சள் அரைத்த கையோடு யாரோ அங்கே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான். அருணாதேவி தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

முருகவேலின் அக்கா மணியம்மாள் அடுத்த தெருவில் இருந்தாள். தினமும் ஒரு நடை வந்து அந்த வீட்டுச் சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டுப் போவாள். மிளகாய்த்தூள் டப்பா மேல் தட்டில் இருக்க வேண்டும், சந்திரகலா அங்கேதான் வைப்பாள். சாதம் வடித்த கஞ்சியைக் கொட்டக் கூடாது, சந்திரகலா கொட்ட மாட்டாள். குழந்தை இவளைச் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா சுவரில் மாலை போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

“அவ எங்கியும் போயிடல, தெரிஞ்சிக்கோ. பொட்டும் பூவுமா போனவ. இந்த வீட்டு பூவாடக்காரி. அவ மனசு குளுந்தாதான் உனக்கு இங்க வாழ்வு” என்றாள் மணியம்மாள்.

அந்தப் பக்கத்தில் அப்படித்தான். புருஷன் இருக்கும்போதே இறந்தவள் வீட்டுக்குத் தெய்வமாகிவிடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லையென்றால் வீட்டில் நல்ல காரியம் என்றால், அவளுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துப் பிடித்த சாப்பாட்டைப் படைக்க வேண்டும். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் வந்து சாப்பிடுவாள். அந்த நேரத்தில் உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது. பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். அந்தப் புடவையை அந்த வீட்டு மருமகள் உடுத்திக்கொள்வாள்.

முதல் வருஷத் தை மாதம் படையல் வந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு முருகவேல் யோசிக்கவே இல்லை. “மொச்சக்கொட்ட, கத்திரிக்கா போட்டு காரக்குழம்பு. அதுன்னா அவளுக்கு உசுரு” என்றான். அருணாதேவி பயபக்தியோடு வைத்தாள். புளி கரைத்து, மிளகாய் வறுத்து அரைத்து, எண்ணெய் மிதக்க இறக்கினாள். இலை போட்டு, பச்சைப் புடவையை மடித்து வைத்து, சொம்பில் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே டங்கென்று ஒரு சத்தம்.

திறந்து பார்த்தால் சொம்பு உருண்டு கிடக்கிறது. தண்ணீர் இலையில் ஏறிக் குழம்பும் சோறும் தரையெல்லாம் ஓடியிருக்கிறது. எலியாக இருக்கலாம், பூனையாக இருக்கலாம், எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். மணியம்மாள் குழம்பில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சிவனே என்று நின்றுகொண்டிருந்தவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

“காரம் கம்மி. அவளுக்கு சுள்ளுனு இருக்கணும். நீ சப்புனு வெச்சா தட்டி விடாம இன்னா பண்ணுவா?”

அடுத்த வருஷம் மிளகாயைக் கூட்டினாள். அந்த வருஷம் சொம்பு விழவில்லை. ஆனால் படையல் முடிந்த மறுநாள் சிந்துஜாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. இன்னும் காரம் பத்தவில்லை என்றாள் மணியம்மாள். அதற்கடுத்த வருஷம் இன்னும் கூட்டினாள். அந்த வருஷம் அருணாதேவிக்கு மூன்று மாதத்தில் கரு கலைந்தது. மறுபடி ஒரு தடவை நின்றது, அதுவும் தங்கவில்லை. அப்புறம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அருணாதேவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். அக்காவின் மனசு இன்னும் குளிரவில்லை.

செத்தவளை அவள் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். நேரில் பார்த்திராத அக்கா. ரசத்தை இறக்கும்போது, “போதுமாக்கா?” என்று கேட்பாள். ஈயப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தால், பின்னால் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்துவிட்டு அதையே எடுத்து இன்னொரு தடவை தேய்ப்பாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் கேஸ் வந்தது, அம்மி போய் மிக்சி வந்தது. மிளகாய்த்தூள் டப்பா மட்டும் மேல் தட்டைவிட்டு இறங்கவில்லை. வெள்ளையடிக்க வந்த ஆளை சமையலறைக் கதவு நிலைப் பக்கம் விடாமல், அந்த மஞ்சள் கறையைச் சுற்றித் தானே அடித்தாள். படையல் முடிந்த அன்றைக்குப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கும்போது, முருகவேல் சில சமயம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பான். பார்ப்பது தன்னை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

சிந்துஜா நல்ல பெண். சித்தி, சித்தி என்று காலைச் சுற்றிக்கொண்டே வளர்ந்தாள். ஆனாலும் அருணாதேவிக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு வருஷமாவது, ஒரு தடவையாவது, கதவைத் திறக்கும்போது அக்கா நிறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் இந்த வீடு தன் வீடு. அதுவரைக்கும் எத்தனை வருஷம் துடைத்தாலும் பெருக்கினாலும், அடுத்தவள் வீட்டில் வேலை செய்கிறவள்தான்.

2007இல் சிந்துஜாவுக்குக் கல்யாணம் கூடியது. கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைத்து உத்தரவு வாங்க வேண்டும். பெற்றவளின் பக்கத்து ஆள் ஒருவராவது வந்து நிற்பது முறை. வருஷம் திரும்பாமல் முருகவேல் மறுதாரம் கட்டிய கோபத்தில் அந்தப் பக்கம் போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. இப்போது முருகவேலே அடி அண்ணாமலைக்குப் போய்க் கூப்பிட, சந்திரகலாவின் கூடப்பிறந்த அக்கா ஜோதியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முறைத்த முகத்தோடுதான் வந்தாள். சிந்துஜாவைப் பார்த்ததும் முகம் கரைந்துவிட்டது. புடவை மாற்றிக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்து, “நான் ஏதாவது செய்றேம்மா” என்று முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முறத்தில் மொச்சை இருந்தது. உரித்துக்கொண்டே ஏதோ பேச்சுக்குக் கேட்டாள்.

“ஊட்டுக்காரருக்கா?”

“இல்லக்கா. அக்காவுக்குத்தான். படையலுக்கு.”

ஜோதியம்மாளின் கை நின்றது.

“யாருக்கு? சந்திரகலாவுக்கா?”

“வருஷா வருஷம் இதான வெக்கறேன். காரம் தூக்கலா.”

“ஐயோ, என் பொண்ணே! அவளுக்கு வயித்துப் புண்ணும்மா. வயசுக்கு வந்ததுலேர்ந்து இருக்குது. காரம் பட்டா சுருண்டு படுத்துப்பா. மொச்சய வாயில வெக்க மாட்டா. எங்கூட்டுக்கு வந்தா இன்னா கேப்பா தெரியுமா? மல்லாட்டைய உப்பு போட்டு அவிச்சி, ஒரு துண்டு வெல்லத்தோட. அத்த மடியில கட்டிக்கினு ஒக்காந்தான்னா சோறே வேணாம்பா.” மல்லாட்டை என்று அவள் சொன்னது வேர்க்கடலையை.

அருணாதேவிக்கு அடுப்பு எரிவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. வருஷா வருஷம் அந்த இருட்டறையில் புண்ணான வயிற்றோடு வந்து உட்கார்ந்தவளுக்கு, தன் கையால் நெருப்பை அள்ளி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று முதல் வருஷமே தட்டிவிட்டாள் பாவி மகள். இவளோ இன்னும் இரண்டு கை மிளகாயை அள்ளிப் போட்டாள். எவ்வளவு பட்டினியோடு இந்த வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தாளோ! அருணாதேவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பயமெல்லாம் போய்விட்டது. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். முருகவேல் பந்தல்காரனிடம் பேசிவிட்டு வந்து விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தான். மணியம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்காவுக்கு மொச்சக் குழம்பு பிடிக்கும்னு யாருங்க சொன்னது?”

“யாரு சொல்லணும்? வாரத்துக்கு ரெண்டு வாட்டி வெப்பாளே. பிடிக்காமயா வெப்பா?”

“உங்களுக்குப் பிடிக்கும்னு வெச்சிருப்பாங்க.”

“எனக்குப் பிடிக்கும்தான். இல்லேன்னு சொல்லல.” அவன் உண்மையாகவே விளங்காமல் பார்த்தான். கெட்டவன் இல்லை. சத்தம் போட்டுக்கூடப் பேசாதவன். இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லி எழுந்து போகிறவன்.

“அவங்க அத்த சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் சாப்பிட்டு கடைக்குப் போயிடுவேன். அவ அப்புறமா சாப்பிடுவா.”

அருணாதேவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். “சரி, நான் போயிட்டா எனக்கு இன்னா படைப்பீங்க?”

“கல்யாண வீட்ல இன்னா பேச்சுடி இது!” என்று மணியம்மாள் சீறினாள். முருகவேல் மட்டும், இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதுபோலச் சிரித்தான்.

“உனக்கும் அதானே? மொச்சக் குழம்புதான். நீயும் வெச்சிக்கினே இருக்கறியே.”

அவள் திரும்பி நடந்தாள். சமையலறைக்கு வந்து, மொச்சைக்காகக் கொதித்துக்கொண்டிருந்த புளித்தண்ணீரை இறக்கி ஓரமாக வைத்தாள். சிந்துஜாவை அனுப்பி வேர்க்கடலை வாங்கி வரச் சொன்னாள். ஜோதியம்மாள் பக்கத்தில் நின்று பதம் சொல்ல, உப்புப் போட்டு அவித்து வடித்தாள். வெல்லத்தைத் தட்டினாள். மணியம்மாள் வந்து எட்டிப் பார்த்து, “இது இன்னா கூத்து, படையலுக்கு மல்லாட்டையா?” என்று குதித்தாள். “நீங்க சும்மா இருங்கண்ணி” என்றாள் அருணாதேவி. அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. மணியம்மாளே ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.

புடவை, பூ, தண்ணீர், வாழையிலையில் ஒரு குவியல் வேர்க்கடலை, ஒரு துண்டு வெல்லம். கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் வெளியே வந்தார்கள். அருணாதேவி வரவில்லை. உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

“அடியே! உள்ள ஆள் இருக்கக் கூடாதுடி! வெளிய வா!” மணியம்மாள் கத்தினாள். சிந்துஜா, “சித்தி, சித்தி” என்று தட்டினாள். முருகவேலின் குரலும் கேட்டது.

உள்ளே ஒரே இருட்டு. அகல் விளக்கின் வெளிச்சம் இலை வரைக்கும்தான் எட்டியது. இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தது. எப்போதும் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பூ வாசனை மூச்சை அடைத்தது. அருணாதேவி ஒரு கடலையை எடுத்து உடைத்து, பருப்பை இலையின் அந்த ஓரத்தில் வைத்தாள். இன்னொன்றை உடைத்து வைத்தாள்.

“சாப்பிடுக்கா. தெரியாம செஞ்சிட்டேன். மெதுவா சாப்பிடு” என்றாள்.

ஓடு உடைபடும் சத்தம் மட்டும் கேட்டது. தான் உடைத்ததுதானா என்று அவள் பார்க்கவில்லை. மனசு லேசாக இருந்தது. நமக்கும் ஒரு நாள் இப்படிக் கதவைச் சாத்துவார்கள், அன்றைக்கு நமக்குப் பிடித்ததை இந்த அக்காவிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. இவள் ஒருத்திக்குத்தான் புரியும்.

“அக்கா, எனக்கு வந்து...” என்று ஆரம்பித்தாள்.

முருகவேலுக்கு மொச்சை. சிந்துஜாவுக்கு உருளைக்கிழங்கு வறுவல். அண்ணிக்கு வாழைப்பூ வடை. தீபத்துக்கு வருகிறவர்களுக்கு எதெது பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கீழ்பென்னாத்தூரில் பாவாடை கட்டித் திரிந்த நாள்வரைக்கும் போய்த் தேடிப் பார்த்தாள். அங்கேயும் அப்பாவுக்குப் பிடித்ததும் தம்பிக்குப் பிடித்ததும்தான் இருந்தது.

கதவு அதிர்ந்தது. “அருணா, நேரமாவுது, தெற!” என்றான் முருகவேல்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் அவள் உள்ளேயிருந்து, “எனக்கு இன்னும் ஞாபகத்துக்கு வரல.”