மூன்றாவது பேரிங்

என் கணவர் மூன்றாவது பேரிங்கை அன்று காலை ஆறாவது முறையாக அளந்துகொண்டிருந்தார். முந்தின ஐந்து முறையும் ஒரே அளவுதான் வந்திருந்தது. ஒரே அளவு வருகிறதே என்பதுதான் அவருடைய சந்தேகம். நான் காப்பி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "ரீ, அதென்ன பிரசவ வலியிலயா இருக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பாக்கறீங்க?" என்றேன். மைசூரில் எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் கணவரைக் கூப்பிட மட்டும் கன்னடத்து 'ரீ'யை என் அம்மா வைத்திருந்தாள், நானும் வைத்திருக்கிறேன். ஒரே எழுத்தில் கூப்பிடவும் முடிகிறது, திட்டவும் முடிகிறது.

அவர் சிரிக்கவில்லை. ஏழாவது முறைக்காக மைக்ரோமீட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் கொள்ளேகால்காரர். பகலில் மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் பந்தயக் கார்களின் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவது அவருடைய ஆசை. சில ஆண்களுக்குச் சீட்டாட்டம், இவருக்கு இது. நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்கள் ஒரே மகள் மண்சாலைப் பந்தயங்களில் கார் ஓட்டுகிறாள். அப்பா கட்டிய எஞ்சினைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள்.

பேரிங் இடைவெளி என்பதை எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் கிராங்க் என்று ஒரு கனத்த இரும்புத் தண்டு சுற்றுகிறது. மகளின் காரில் அதை ஐந்து இடங்களில் பேரிங்குகள் தாங்குகின்றன. தண்டு பேரிங்கைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஓட வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்குதான் அதற்கு விடுகிற இடம். ஒரு பங்கை நாங்கள் பாயிண்ட் என்போம். கடைக்குப் போய் வருகிற காருக்கு ஐந்தைவிடக் குறைந்தாலும் வண்டி காலம் தள்ளிவிடும். பந்தயக் காரில் சூடும் அதிகம், வேகமும் அதிகம். நெருக்கமாக விட்டால் பேரிங் உருகி ஒட்டிக்கொள்ளும், தாராளமாக விட்டால் எண்ணெய் வழிந்து அழுத்தம் போய்விடும். மாமியார் மருமகள் இடைவெளி மாதிரி என்பார் என் கணவர். அவருடைய அம்மா கொள்ளேகாலில், நான் மைசூரில். அந்த பஸ் தூரத்தில் நாங்கள் இருவரும் ரொம்பப் பிரியமாகவே இருக்கிறோம்.

ஆரம்பத்தில் அவர் தனியாகத்தான் அளந்தார். ஒருநாள் நான் சண்டைக்குப் போனேன். "வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி பஞ்சு, கத்திரி எல்லாத்தையும் நாங்க ரெண்டு பேர் எண்ணுவோம். ஒருத்தர் எண்ணினா கணக்கில்ல. நீங்க மட்டும் என்ன, கடவுளா?"

"இது எஞ்சின் அம்மிணி, ஆசுபத்திரி இல்ல."

"உள்ள ஒக்கார்றது நம்ம பொண்ணு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் என் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்தார்.

அப்படி எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முந்தின நாளே தண்டு, எஞ்சின் பிளாக், அளக்கும் கருவிகள் எல்லாவற்றையும் ஷெட்டில் சேர்த்து வைத்துவிடுவோம். எல்லாம் ஒரே குளிர்ச்சிக்கு வந்தால்தான் அளவு உண்மை பேசும். வெயில் தகரத்தைத் தொடுவதற்குள் வேலை முடிய வேண்டும். முதலில் அவர் தண்டை அளந்து, அதே அளவுக்குக் துளையின் உள்ளளவைக் கடிகார முள்ளில் காட்டும் போர் கேஜைச் சுழியம் செய்து, பேரிங்குக்குள் விட்டுப் பார்ப்பார். முள் காட்டுவதுதான் இடைவெளி. அதைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட்டு வெளியே போவார். பிறகு நான் போய் முதலிலிருந்து அளந்து, என் சீட்டை எழுதுவேன். இரண்டையும் ஒன்றாகப் பிரிப்போம். அரை பாயிண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். அவர் ஐந்து புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி மூன்று என்று நுணுக்கி எழுதுவார். நான் ஐந்து, ஐந்தரை, அவ்வளவுதான். "புளி நிறுக்கறாப்பல அளக்கறா பாரு" என்பார். "உங்க கண்ணுக்கு மட்டும் முள்ளுக்குள்ள முள்ளு தெரியுதாக்கும்" என்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எங்களுக்குள் பேச்சு அதிகம்.

போன வருடம், காபித் தோட்டங்கள் நடுவே நடந்த ஒரு பந்தயத்தில், இறக்கத்தில் வரும்போது மகளின் எஞ்சின் சட்டென்று இறுகி நின்றுவிட்டது. கார் சுழன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. என் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதோடு விட்டதே என்று முழங்காலில் நின்று அழுதேன். எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாவது பேரிங் கரிந்து தண்டோடு ஒட்டியிருந்தது. எண்ணெய்க் குழாய் அடைத்ததா, இடைவெளி தவறா என்று அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. என் கணவர் மட்டும் உடனே சொல்லிவிட்டார். "என்ற கைதான் தப்பு."

எலும்பு கூடி மகள் எழுந்துவிட்டாள். புதுத் தண்டு, புதுப் பேரிங் எல்லாம் வந்தாயிற்று. அடுத்த பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இவரோ அளப்பார், பிரிப்பார், மறுபடி அளப்பார். மூட மாட்டார். போன வாரம் மகளிடம், "பெங்களூர்ல யாரையாச்சும் வெச்சுக் கட்டிக்க சாமி" என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து, "அப்பா கட்டலேன்னா நான் ஓட்டறதையே விட்டுடறேன் மம்மி" என்றாள். இருவரும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

அவர் ஏழாவது முறை அளந்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அதற்கு மேல் தாங்கவில்லை. எட்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

அந்தப் பழைய எஞ்சினை மூடிய அன்று கொள்ளேகாலில் இவருடைய தங்கை மகளுக்கு நிச்சயம். பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாத்தனார் எடுத்துக் கொடுத்த புதுப் பட்டுப்புடவையைக் கட்டித் தயாராகிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு பேரிங்கை எட்டி நின்று எப்படியோ அளந்துவிட்டேன். மூன்றாவது நடுவில் இருப்பது. உள்ளே குனிய வேண்டும். புடவையில் எண்ணெய் பட்டுவிடுமே என்று மனம் வரவில்லை. அவருடைய சீட்டு மடிப்பு அவிழ்ந்து கிடந்தது. பார்த்தேன். அதே எண்ணை என் சீட்டிலும் எழுதினேன். நாலாவதையும் ஐந்தாவதையும் ஒழுங்காக அளந்தேன். ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன். தியேட்டரில் இதை ஒரு நர்ஸ் செய்திருந்தால் நானே அவள் தோலை உரித்திருப்பேன்.

"உங்க கை தப்பில்ல ரீ. நான் அளக்கவே இல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் போர் கேஜைப் பெட்டியில் வைத்தார். "தெரியும் அம்மிணி" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ எப்பவும் அஞ்சு, இல்லாட்டி அஞ்சரைன்னுதான எழுதுவ. அன்னைக்கு மூணாவதுக்கு மட்டும் அஞ்சு புள்ளி மூணுன்னு இருந்துச்சு. சீட்டைப் பிரிச்ச ஒடனே தெரிஞ்சு போச்சு."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அழுதுகொண்டே கத்தினேன். "தெரிஞ்சுமா மூடினீங்க? பஸ்ஸு போனா போகுது, போய் அளடீன்னு சொல்ல வேண்டாமா?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "இத்தனை வருசத்துல நீ என்ற கையை ஒருக்காகூட அப்படியே நம்புனதில்ல. அன்னைக்கு நம்பிட்டியேன்னு சந்தோசமா இருந்துச்சு. அதை எப்படிக் கேக்கறதுன்னு மூடிப்புட்டேன்."

நான் பட்டுக்காகக் குனியவில்லை. அதை அவர் அன்பு என்று எடுத்துக்கொண்டார். நடுவில் எங்கள் பெண் பள்ளத்தில் கிடந்தாள். எட்டு மாதம் இவர் தன் கையையும் நான் என் வாயையும் நொந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் போய் அவர் தோளில் தலையை வைத்தேன். கிரீஸ் நாற்றம் அடித்தது. நகராமல் நின்றேன்.

பிறகு அவரைச் சீட்டு எழுதி மடிக்கச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, நைட்டியின் கைகளை மடித்துக்கொண்டு மூன்றாவது பேரிங்கின் மேல் நன்றாகக் குனிந்தேன். மூன்று தரம் அளந்தேன். சீட்டுகளைப் பிரித்தோம். அவருடையது ஐந்து புள்ளி இரண்டு. என்னுடையது ஆறு.

"ஆறா? உன்ற கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாரு!" என்றார்.

"நீங்க மைக்ரோமீட்டரைக் கழுத்தை நெரிக்கற மாதிரி இறுக்கறீங்க. அப்புறம் எப்படி வரும்?" என்றேன்.

அரை மணி நேரம் வாய்ச்சண்டை. பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுபடி அளந்தோம். தப்பு என்னுடையது. கேஜை லேசாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். இரண்டாம் முறை எனக்கு ஐந்து வந்தது, அவருக்கு ஐந்து புள்ளி இரண்டேதான். அவர் எதையும் பிரிக்கவில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கி, அன்றைக்கே எஞ்சினை மூடினார்.

பந்தயத்தன்று காலை, மகள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்றாள். ஓட்டத் தயங்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இந்த தடவை ரெண்டு பேரும் அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

"அளந்தோம்" என்றார் அவர்.

"சண்டை வந்துச்சா?"

"பயங்கரமா" என்றேன்.

"அப்ப சரி" என்று உள்ளே ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.