பனிமூட்டத்தில் ஒரு ஜப்பான் கண்

மலையில் ஹயர் என்று வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு எஞ்சினை விடக் கண்தான் முக்கியம் என்பது, என்னைப் போல இங்கே ஸ்டியரிங் பிடித்து அவதிப்படும் உங்களுக்குத் தெரியும். ஐம்பது தாண்டியதும் எனக்குப் பனிமூட்டத்தில் வளைவுகள் கரைய ஆரம்பித்தன. யாரிடமும் சொல்லவில்லை. முன்கண்ணாடியில் கேமரா வைத்த பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் கத்தும், எதிரே ஆள் வந்தால் அதுவே பிரேக் போடும் என்றார்கள்.

கத்தாத இடம்

ஹட்டனில் ஸ்டெல்லா டீச்சரை ஏற்றினேன். மெயின் ரோட்டில் வெள்ளைக் கோட்டைத் தொட்டாலே கார் கத்தியது. தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியதும் சத்தமே இல்லை. அங்கே கோடு கிடையாது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். டீச்சர் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, பெயின்ட்டுக்குப் பயப்படுற காரு பள்ளத்துக்குப் பயப்படாதா?"

நடந்து வந்த விறகு

றொசல்லப் பக்கம், சாயங்காலம். பனிக்குள்ளிருந்து ஒரு விறகுக்கட்டு நடந்து வந்தது. சுமந்தவர் குனிந்திருந்ததால் ஆள் உருவமே இல்லை. கேமராவுக்கு அது ஆளாகப் படவில்லை போலும், சும்மா இருந்தது. அதை நம்பி நானும் சும்மா இருந்தேன். கடைசி நொடியில்தான் பிரேக்கை மிதித்தேன். கட்டைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மா கத்தினார்: "காருக்குத்தான் கண்ணில்ல, ஒனக்குமா இல்ல?"

மகளின் கேள்வி

கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளிடம் போனில் கேமராவைப் பற்றிப் புலம்பினேன்.

"அதுக்குப் பழக்கின வேலை மட்டுந்தாம்ப்பா தெரியும். கோடு, ஆளு, முன்னால போற வண்டி. இதுவரைக்கும் பாக்காத ஒண்ணு வந்தாலும் என்ன ஏதுன்னு யோசிச்சு நடந்துக்கிற மெஷினை இன்னும் யாரும் செய்யல. இப்போதைக்கு அந்த மூளை ஒங்ககிட்டதான் இருக்கு."

மூளை இருக்கிறது, சரி. கண்ணே சரியாகச் சொல்லாவிட்டால் அது எதை யோசிக்கும்? அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, திடீர்னு இதெல்லாம் கேக்குறீங்க?"

கை விரித்த கேமரா

போன வாரம் தலவாக்கலைக்கு ஒரு ஹயர். செல்வம் என்ற இளைஞர், அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. மேட்டில் பனி சுவர் மாதிரி இறங்கியது. டேஷ்போர்டில் ஜப்பான் எழுத்து மினுங்கியது. கேமராவுக்கு எதுவும் தெரியாவிட்டால் வரும் என்று காரை விற்றவர் சொன்ன எழுத்து அது; கேமரா வேலையை நிறுத்திக்கொண்டது. என்ன எழுதியிருக்கிறது என்று செல்வம் கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் தெரியலையாம். நம்மளையே பாத்துக்கச் சொல்லுது."

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரவால்லையே, தெரியலன்னு சொல்லிருச்சு. ஒங்களுக்குத் தெரியுதாண்ணே?"

காரை ஓரங்கட்டிப் பனி விலகும்வரை நிறுத்தினேன்; பழக்கிய வேலை மட்டும் தெரிந்த கேமரா தனக்குத் தெரியவில்லை என்று உடனே ஒத்துக்கொண்டதை, எல்லாம் யோசிக்கத் தெரிந்த நான் மறுநாள் கண் டாக்டரிடம் போய் ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.