ரொட்டிக்குள் இருந்த மோதிரம்

துபாய்க்குப் பக்கத்து ஊரான அல் ஐனில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் செஃப் அயர்லாந்துக்காரர். அவர் ஊரில் அக்டோபர் கடைசி நாளன்று, தேநீரில் ஊறிய உலர் திராட்சை போட்டு ஒரு ரொட்டி சுடுவார்கள். மாவுக்குள் ஒரு மோதிரத்தைக் காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம். விருந்தாளி தட்டில் ஒரு முடி கிடந்தாலே எங்கள் வேலை போய்விடும் என்பதால், அந்த ரொட்டியை ஸ்டாஃபுக்கு மட்டும் சுட்டார்.

மோதிரம் எனக்கு வந்தது. ஊரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். லீவைத்தான் மேனேஜர் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, ரொட்டியே சொல்லிருச்சு. போய்க் கேளுடா!" என்றான் பாத்திரம் கழுவும் காரைக்குடிக்காரன்.

கேட்டேன். "சீசன்ல லீவா? மாஃபி, கிடையாது. மார்ச்சுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார் மேனேஜர். அவர் வாயில் அந்த ரொட்டிதான் இருந்தது. செஃப் என் தோளைத் தட்டிவிட்டு, மோதிரத்தைக் கழுவித் தரச் சொன்னார். அடுத்த வருடத்துக்கு வேண்டுமாம்.

பெண் வீட்டார் தை வரை பொறுத்தார்கள். பிறகு ஈரோட்டில் ஒரு லாரிக்காரருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேனேஜர் மேல் இன்றும் இருக்கிறது.