பத்துக்கு எத்தனை?

"பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. எதிர்முனையில் இருப்பவர் லேசில் எண்ணைச் சொல்லிவிட மாட்டார். மாடிப்படியில் தொடங்கி மருமகள் வரை புலம்பிவிட்டு, "இருக்குங்க, பரவாயில்லை" என்பார். "இருக்குன்னா எவ்வளவுங்க இருக்கு?" என்று இவரும் விடமாட்டார்.

மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை. இரண்டு மேசை, இரண்டு போன். கல்லீரல் கட்டியை வயிற்றைத் திறந்து எடுப்பது நல்லதா, சின்னச் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு எடுப்பது நல்லதா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. யாருக்கு எது என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். வீடு திரும்பியவர்களை வாராவாரம் விசாரிப்பது இவர் வேலை. அதற்கு முன் இருபது வருடம் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். நோயாளிகள் வைத்த பெயர் 'பத்துக்கெத்தனை சார்'.

யாருக்கு எந்த ஆபரேஷன் என்பது இவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கேட்கிற கேள்வியே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். யாராவது வாய் தவறினால், "ஐயையோ, தழும்பைப் பத்திப் பேசாதீங்க, என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க" என்று அலறுவார்.

ஆனாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. போனை வைக்கும் முன் ஒரு ஜோக் சொல்வார். வழுக்கைத் தலையர் முடி வெட்டிக்கொள்ளப் போன கதை, மகா மட்டம். "முதல்ல தலையணையை எடுத்து வயித்தோட அணைச்சுக்கோங்க. தையல் வலிக்காம சிரிக்கலாம்." சிரிப்பு பாதியில் நின்றால் திறந்த வயிறு, தங்குதடையில்லாமல் ஓடினால் துளை. "உங்க காதை எல்லாம் ஆய்வுல சேர்க்க முடியாது" என்று ஆய்வை நடத்தும் டாக்டர் கேலி செய்வார்.

இரண்டு மாதம் முன்பு அவர் மனைவிக்கே ஈரலில் கட்டி. அவளும் ஆய்வில் சேர்ந்தாள், கணினி துளைப் பக்கம் தள்ளியது. இவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பத்தாம் நாள் நீ வாளி தூக்குவே பாரு!" என்றார். ஆனால் ஆபரேஷன் மேசையில் ரத்தம் நிற்காமல், பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. எந்தப் பக்கம் தொடங்கினார்களோ அந்தப் பக்கத்தில்தான் பெயர் இருக்கும் என்பது ஆய்வின் விதி. "பேப்பர்ல எனக்குத் துளை, வயித்துல ஒரு முழம்" என்று அவளே சிரிக்காமல் சொன்னாள். ஆசை காட்டியது நான்தானே என்று இவருக்கு மனசு அரித்தது.

வீடு திரும்பிய நாளிலிருந்து தினமும் காலையில் கேட்பார். "பூஜ்யம். போய் வேலையைப் பாருங்க" என்பாள். கூடவே ஒரு தடை உத்தரவு: "வீட்ல அந்த வழுக்கை ஜோக்கை எடுத்தீங்க, சோறு கிடையாது."

சொந்த மனைவியைப் போனில் விசாரிக்க விதி இடம் தராது. பக்கத்து மேசைப் பெண்தான் கூப்பிடுவாள். ஐந்தாவது வாரம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது டீயோடு உள்ளே வந்தார். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அவள் கவனிக்கவில்லை. நோயாளி சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அப்படியே சொன்னாள்.

"ஏழுங்களா அக்கா?... இருமினா, சிரிச்சா ஏழு. சரிங்கக்கா... இல்லக்கா, சார்கிட்ட மூச்சு விடமாட்டேன்."

டீ ஆறிப்போயிற்று. ஊரார் வலியையெல்லாம் குரலை வைத்தே எடைபோட்ட மனிதர், ஒரே கூரையின் கீழ் ஐந்து வாரம் ஏமாந்திருக்கிறார். ஜோக்குக்கு ஏன் தடை என்று இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

"என்ன, வெயிலோட வந்துட்டீங்க?" என்றாள் நாற்காலியில் சாய்ந்திருந்தவள்.

அவர் எத்தனை என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தார். அவள் வயிற்றோடு சேர்த்து வைத்து, அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் அணைத்து வைத்தார். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார்.

"ஒரு ஊர்ல ஒரு வழுக்கைத் தலையர்..."