தேங்காய்ப் பத்தும் கிழங்குப் பத்தும்

நடராசா அண்ணை காலமானார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, பரமட்டா ரயில் நிலையத்தில் நின்றேன். வந்த ரயிலை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். மேடையில் அங்குமிங்கும் நடந்தேன். எட்டு மாதமாக அவரோடு நான் பேசவில்லை.

நம் சங்க மலரின் ஆசிரியராக உங்களில் பலரின் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியவர் அவர். என்னுடையதையும் திருப்பினார்.

சொலமன் தீவுகளில் ஒரோஹா என்றொரு மொழி உண்டு. பேசுவோர் மிகச் சிலர். குளிர்சாதனக் கிடங்கில் என்னோடு வேலை செய்த பீற்றர் அவர்களில் ஒருவர். சாப்பாட்டு இடைவேளைகளில் அவரிடம் கேட்டு எண்ணுப்பெயர்களை எழுதினேன். பட்டமில்லாதவன் என்பதால் அதைக் கட்டுரையாக்கி அனுப்பிய பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அண்ணையாவது மதிப்பார் என்று கிரவீனிலுள்ள அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"தம்பி, எதை வைச்சு எண்ணச் சொன்னனீர்?"

"ஒண்டையும் வைக்கேல்லை. கேட்டனான், சொன்னார்."

"அந்தரத்திலை ஆரும் எண்ணுவினமோ? அந்தப் பக்கத்துப் பாசையளிலை தேங்காய்க்கு ஒரு பத்து, கிழங்குக்கு வேறை பத்து எண்டு வாசிச்சிருக்கிறன். கேட்டுட்டு வாரும், போடுறன்."

"பத்தெண்டால் பத்துத்தான், அண்ணை."

"நெல் அளக்கேக்கை முதல் கொத்தை உங்கடை அப்பர் ஒண்டெண்டோ சொன்னவர்? லாபம் எண்டெல்லோ சொன்னவர்!"

குசினியிலிருந்து அவருடைய மனைவி சிரித்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"மலரிலை அவருக்கு ரெண்டு பக்கம் விட்டு வைச்சிருக்கிறன்" என்று பிறகு ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. ஒரு குறிப்போடு என் கட்டுரையை அப்படியே போட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செத்த வீடு முடிந்த மறுநாள், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் பீற்றர் வீட்டு மேசையில் தேங்காய்களைப் பரப்பினேன். எண்ணிக்கொண்டு போனவர் பத்தில் நின்றார். யோசித்து, என் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். ஊரில் பெரியவர்கள் தேங்காய்க்கு அப்படித்தான் சொல்வார்களாம். கிழங்குக்கும் ஒன்று உண்டு, நினைவில்லை, அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஒரு கிழமையாக அந்த அழைப்புக்குக் காத்திருக்கிறேன். நித்திரை இல்லை. அண்ணை எனக்கு விட்டுப்போனது இந்த அந்தரிப்புத்தான். அதை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

'நீங்கள் சொன்னது சரி' என்று என் வாழ்நாளில் எவரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் போய்விட்டார். அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்: அண்ணை சொன்னது சரி.